ரீஸ்டார்ட் செய்ய ஆளில்லாத இடம்

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் என்ன செய்வோம்? கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் கீகளை அழுத்திப் பார்ப்போம். அதற்கும் மசியாவிட்டால் பவர் பட்டன்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் தம்பி மகளுக்கு இதைச் சொல்லித் தந்தேன். "கிட்டேயே போக முடியாத இடத்துல இருக்கிற கம்ப்யூட்டர் ஹேங் ஆனா என்ன செய்வாங்க பெரியப்பா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்படி ஓர் இடம் ஜெனீவா அருகே இருக்கிறது. செர்ன் ஆய்வு மையத்தின் எல்.எச்.சி. என்னும் துகள் முடுக்கி, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அது இயங்கும்போது கதிர்வீச்சு காரணமாக உள்ளே யாரும் போக முடியாது. ஆனால் டேட்டாவை வெளியே அனுப்பும் சிப்கள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

கதிர்வீச்சு சிப்பை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, நாள்பட நாள்பட டிரான்சிஸ்டர்களைப் பழுதாக்குவது. இன்னொன்று, ஒரே ஒரு துகள் பாய்ந்து ஒரு பிட்டைப் புரட்டிவிடுவது. 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். ஒரு பிட்தானே என்று நினைக்காதீர்கள். மெமரியில் 5000 என்று இருக்கும் எண்ணில் ஒரே ஒரு பிட் மாறினால் அது 904 ஆகிவிடலாம்!

2007-ல் செர்னிலிருந்து இத்தாலிக்கு நியூட்ரினோ துகள்களை அனுப்பும் சோதனை கதிர்வீச்சால் தடைப்பட்டது. பழுதானது பெரிய கருவி எதுவும் இல்லை. காற்றோட்ட அமைப்பைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக்ஸ்தான்.

இதைச் சமாளிக்க செர்ன் பொறியாளர்கள் உருவாக்கிய சிப்களில் ஒன்று ஜிபிடிஎக்ஸ். இது கண்ணாடி இழை வழியே நொடிக்கு 480 கோடி பிட்களை அனுப்புகிறது. இதில் இரண்டு தந்திரங்கள் உள்ளன.

முதலாவது, வாக்கெடுப்பு. முக்கியமான சர்க்யூட்டுகள் மூன்று பிரதிகளாக இருக்கும். ஒன்று தவறான விடை தந்தாலும், மற்ற இரண்டும் சொல்வதே எடுத்துக்கொள்ளப்படும்.

இரண்டாவது, திருத்தும் பிட்கள். டேட்டா 120 பிட் கொண்ட கட்டுகளாகப் போகிறது. அதில் 32 பிட்கள் பிழை திருத்துவதற்கு மட்டுமே. அடுத்தடுத்து 16 பிட்கள் கெட்டாலும் வாங்கும் முனையில் சரிசெய்துவிடலாம். இன்டர்நெட்டில் ஒரு துண்டு வராவிட்டால் நம் கம்ப்யூட்டர் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே அதற்கு நேரமில்லை. நொடிக்கு 4 கோடி கட்டுகள் வந்துகொண்டே இருக்குமே!

கால் பங்குக்கும் மேல் பாதுகாப்புக்கே போகிறதே, இது வீண் அல்லவா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இதற்குப் பயன்படும் ரீட்-சாலமன் கணக்கு முறை நமக்குப் பழக்கமானதுதான். கீறல் விழுந்த சிடி பாடுவதும், கொஞ்சம் கிழிந்த க்யூஆர் கோடை மொபைல் படிப்பதும் இதே முறையால்தான்.

தம்பி மகளிடம் இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "தப்பு நடக்கும்னு தெரிஞ்சே, திருத்தும் வழியையும் சேர்த்து அனுப்புறாங்கம்மா." நம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் மெமரிப் பிழையைத் திருத்தும் வசதி கிடையாது. எனவே முக்கியமான ஃபைல்களுக்கு இன்றே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். முடிந்தால் இரண்டு!