ரேஷியோ குறைந்தால் வெளியே! பிரைவேட் டோரண்ட் தளங்களின் சட்டதிட்டங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்களின் காதில் சீக்கிரமே விழும் சொல் டோரண்ட். அதிலும் "பிரைவேட் டிராக்கர்" என ஒன்று உண்டு, தெரிந்தவர் அழைத்தால்தான் உள்ளே போகலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். உள்ளே போனால் நம்மிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று பார்ப்போம்.

சாதாரண டவுன்லோடில் ஒரு சர்வர் கொடுக்கும், நாம் வாங்கிக்கொள்வோம். 2001ல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறை வேறு. ஃபைல் சிறு துண்டுகளாக வரும். வந்த துண்டினை, கேட்கும் மற்றவர்களுக்கு உங்கள் கம்ப்யூட்டரே அனுப்பத் தொடங்கிவிடும். முழு ஃபைலையும் வைத்துக் கொடுப்பவர் சீடர் எனப்படுவார். எல்லாரும் வாங்கியவுடன் மூடிவிட்டுப் போனால், அந்த ஃபைல் யாருக்கும் முழுதாகக் கிடைக்காது.

இதற்குத்தான் பிரைவேட் தளங்கள் கணக்கு எழுதுகின்றன. கிணத்துக்கடவுப் பக்கம் கல்யாண வீட்டில் மொய் நோட்டு வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். பொதுவான விதிகள் இவை:

1. ரேஷியோ: கொடுத்த அளவினை வாங்கிய அளவால் வகுத்தால் கிடைப்பது. 700 எம்.பி. வாங்கி 350 எம்.பி. கொடுத்தால் 0.5. தளம் வைத்த அளவுக்குக் கீழே போனால் டவுன்லோட் நிறுத்தப்படும். பிறகு கணக்கே மூடப்படும்.

2. சீடிங் நேரம்: டவுன்லோட் முடிந்த பின்னும் குறிப்பிட்ட காலம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு ஓடுவதை "ஹிட் அண்ட் ரன்" என்பார்கள்.

3. அழைப்புக்குப் பொறுப்பு: நீங்கள் அழைத்தவர் தவறு செய்தால் உங்கள் கணக்கும் போகலாம். அழைப்பினை விற்பது பெரும் குற்றம்.

4. பாஸ்கீ: டோரண்ட் ஃபைலுக்குள் உங்களை அடையாளம் காட்டும் ரகசிய எண் இருக்கும். அந்த ஃபைலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

5. தரம்: எம்பி3 பாடலை மாற்றி, தரம் குறையாத ஃபிளாக் ஃபைல் என்று ஏற்றினால் வெளியேற்றம்தான். வாட்.சிடி என்ற இசைத் தளம், இது பற்றியெல்லாம் கேள்வி கேட்டு நேர்காணல் நடத்தியும் ஆட்களைச் சேர்த்தது.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. பகிரப்பட்டவற்றில் பெரும்பகுதி உரிமையாளரின் அனுமதி பெறாதவை. சுமார் 1,80,000 உறுப்பினர்கள் இருந்த ஓயிங்க் தளத்தை 2007 அக்டோபரில் பிரிட்டன், நெதர்லாந்து போலீசார் மூடினர். பிரான்சில் சர்வர்கள் கைப்பற்றப்பட்டதை அடுத்து 2016 நவம்பரில் வாட்.சிடியும் மூடப்பட்டது. அதுவரை உறுப்பினர்கள் சேர்த்த ரேஷியோ எல்லாம் ஒரே நாளில் வீண்.

இந்தியாவில் 1957ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 63வது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ரேஷியோவுக்காக நீங்கள் சீட் செய்யும் ஒவ்வொரு நிமிடமும், வாங்குபவராக மட்டுமல்ல, விநியோகிப்பவராகவும் இருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். "மூடிய தளம்தானே" என்பது சட்டத்தின் முன் செல்லாது.

டோரண்ட் முறை மட்டும் குற்றமல்ல. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளை அவற்றின் தளங்களே டோரண்ட்டாகத் தருகின்றன. க்யூபிட்டோரண்ட் புரோகிராமை நிறுவி, இவற்றை இறக்கிச் சீட் செய்து பழகலாம். அப்லோட் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்திடுங்கள். உங்கள் இணைப்பில் டேட்டா அளவு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

கொடுத்து வாங்கும் பழக்கத்துக்கு நம்மிடமே நல்ல உதாரணம் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இலவசமாகத் தருகின்றனர். அங்கு ரேஷியோவும் இல்லை, அழைப்பும் தேவையில்லை. தமிழில் டைப் செய்யத் தெரிந்தால் நீங்களும் சீடர்தான்.