நெஞ்செரிச்சல் எல்லாமே அசிடிட்டி அல்ல

நெஞ்சு எரிந்தால் "கேஸ்தான்" என்று சொல்லி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் நம் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் குறையாமல், சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நிற்பதாகத் தோன்றினால், அது 'அகலேசியா' என்ற அரிய நோயாகவும் இருக்கலாம்.

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ளது. அதன் அடியில் வளையம் போன்ற ஒரு தசை கதவாக இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்வது அதன் வேலை. இந்தக் கதவு சரியாக மூடாமல் இரைப்பை அமிலம் மேலேறி வருவதே அமில எதுக்களிப்பு.

அகலேசியாவில் நடப்பது நேர் எதிரானது. குழாய்ச் சுவரிலுள்ள நரம்பு செல்கள் அழிவதால் கதவு திறப்பதில்லை. உணவைக் கீழே தள்ளும் அசைவும் நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே இது வருகிறது. தேங்கிய உணவு குழாயிலேயே புளித்து எரிச்சல் உண்டாக்குவதால், அசிடிட்டி என்றே பலகாலம் நினைத்துவிடுகிறோம்.

வேறுபாட்டை எப்படி அறிவது?

அமில எதுக்களிப்பில் சாப்பிட்ட பின்னும், குனியும்போதும், படுக்கும்போதும் எரிச்சல் கூடும். புளிப்பாகவோ கசப்பாகவோ தொண்டைக்கு வரும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். சஹர் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவோருக்கு இது அதிகமாகும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி நல்லது.

அகலேசியாவில் முக்கிய அறிகுறி விழுங்க முடியாமை. கெட்டியான உணவு மட்டுமல்ல, தண்ணீரும் சிக்கும். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே திரும்பி வரும். இரவில் படுத்தால் இருமல், மூச்சடைப்பு ஏற்படும். எடை குறையும். தேங்கியது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவும் வரலாம்.

வீட்டில் பெரியவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிப்பது, எல்லோரும் எழுந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, விருந்தில் சஹனில் உட்காரத் தயங்குவது ஆகியவற்றை நாம்தான் கவனிக்க வேண்டும்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்த வாந்தி, கறுப்பு மலம் இவற்றில் எது இருந்தாலும் குடல் இரைப்பை மருத்துவரைப் பார்க்க வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம் என்பதால் முதலில் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். ஆரம்பநிலை அகலேசியாவில் அது இயல்பாகவே தெரியக்கூடும். எனவே பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும், குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் தேவைப்படும். நோயை உறுதி செய்வது மேனோமெட்ரிதான். நெஞ்சு வலி திடீரென வந்தால், கேஸ் என்று காத்திராமல் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அழிந்த நரம்புகளை மீட்க வழியில்லை. ஆனால் இறுகிய கதவைத் திறக்க முடியும். பலூனால் விரிப்பது, லேப்ராஸ்கோப்பி மூலம் தசையை வெட்டிவிடுவது, 2008இல் ஜப்பானில் மருத்துவர் ஹருஹிரோ இனோவே தொடங்கிய, வாய்வழியாகவே எண்டோஸ்கோப்பி மூலம் செய்யும் 'போயம்' சிகிச்சை ஆகியவை உள்ளன. பெரும்பாலோர் மீண்டும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது "நெஞ்சு எரிகிறது" என்பதோடு நிறுத்தாமல், எது சிக்குகிறது, எப்போதிலிருந்து, எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்பதையும் சொல்வோம்.