அரிசிக் கூன்வண்டு
(சிட்டோஃபிலஸ் ஒரைசே)

சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிய அரிசி மூட்டையைக் கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் வந்து நிற்கும் விருந்தாளி இது. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். ஒரு அரிசிமணியைவிடச் சிறியது.

முகத்தைப் பாருங்கள். யானைத் தும்பிக்கைபோல் நீண்டு வளைந்திருப்பது உறிஞ்சுகுழல் அல்ல. அதன் நுனியில் கடிக்கும் தாடைகள் இருக்கின்றன. உணர்கொம்புகள் அந்த மூக்கிலிருந்தே கிளம்பி முழங்கைபோல் மடங்குகின்றன. கழுத்துப் பட்டையில் வட்டக் குழிகள், பழுப்பு முன்சிறகுகளில் மங்கிய செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு. முன்சிறகுகளுக்கடியில் பறக்க உதவும் மெல்லிய சிறகுகளும் உண்டு. தொட்டால் கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும்.

பெண்வண்டு மணியைக் குடைந்து, துளைக்கு ஒரு முட்டை இட்டு, பசையால் அடைத்துவிடும். கால்களற்ற புழு உள்ளேயே வளர்ந்து கூட்டுப்புழுவாகும். சிங்கப்பூரின் வெக்கையில் எல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முறத்தில் புடைத்தால் வெளியே திரியும் வண்டுகள் போகும். மணிக்குள் இருப்பவை தங்கிவிடும். பாட்டிமார் டப்பாவில் போட்ட காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் இந்த வண்டை விரட்டத்தான்.

வகைப்பாட்டில் இது வண்டுகளின் வரிசை, குர்குலியோனிடே குடும்பம். லின்னேயஸ் 1763இல் விவரித்தார். பேரினப் பெயருக்குத் ‘தானியப் பிரியன்’ என்று பொருள். சிற்றினப் பெயரில் உள்ள ‘ஒரைசா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நம் ‘அரிசி’யோடு உறவு சொல்வோரும் உண்டு; வழக்கு இன்னும் தீரவில்லை. சற்றுப் பெரிய உடன்பிறப்பான மக்காச்சோளக் கூன்வண்டை இதிலிருந்து உறுதியாகப் பிரிக்க, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.