காது தவறிய இடம்

ஆங்கில வகுப்பில் கேட்டல் பயிற்சி என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசிரியர் ஒரு பத்தியை இரண்டு முறை வாசிப்பார். ஐந்து வினாக்கள் கேட்பார். சரியாகச் சொன்னவர்களுக்குக் கைதட்டல். தவறாக எழுதியவர்கள் கரும்பலகையில் உள்ள சரியான விடையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மணி அடித்துவிடும். அந்த மாணவருக்கு ஏன் தவறியது என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்த வாரம் வேறு பத்தி வரும். அதே மாணவர் அதே போலத் தவறுவார்.

இப்படிச் செய்வது சோதனை. யாருக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியும் என்பதை இது காட்டும், தெரியாதவருக்குக் கற்றுத்தராது. தவறான விடை வந்த இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது என்பது என் கருத்து. அதற்குச் சிறு உரையாடல்கள் மிகவும் உதவுகின்றன. நீண்ட பத்தியில் மாணவர் எங்கே வழிதவறினார் என்று தேடுவது கடினம். ஆறு வரி உரையாடலில் அந்த இடத்தை விரல்வைத்துக் காட்டிவிடலாம்.

எட்டாம் வகுப்புக்காக நான் எழுதிக்கொண்ட ஓர் உரையாடலைச் சொல்கிறேன். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு மாணவி நேரக் காப்பாளரிடம் விசாரிக்கிறாள். காதில் எப்படி விழுகிறது என்பதே இங்கு முக்கியம் என்பதால் ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

மாணவி: எக்ஸ்க்யூஸ் மீ சார், வென் இஸ் த நெக்ஸ்ட் பஸ் டு தேனி?
காப்பாளர்: த ஃபோர் ஃபிஃப்டீன் ஹாஸ் ஜஸ்ட் லெஃப்ட். த நெக்ஸ்ட் ஒன் இஸ் அட் ஃபோர் ஃபார்ட்டி.
மாணவி: டஸ் இட் ஸ்டாப் அட் உசிலம்பட்டி? மை ஆன்ட் இஸ் வெயிட்டிங் தேர்.
காப்பாளர்: நோ, இட் டஸின்ட். பட் த ஃபைவ் ஓ க்ளாக் பஸ் டஸ்.
மாணவி: விச் பே, சார்?
காப்பாளர்: செவன். நாட் லெவன், செவன்.

நிதானமாகப் பேசினாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்பதற்கு முன்பே ஒரே ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்: அந்த மாணவி எத்தனை மணிப் பேருந்தில் போவாள்?

விடைகள் பலவாறாக வந்தன. சிலர் 5.00 என்று சரியாக எழுதியிருந்தார்கள். நிறையப் பேர் 4.40. சிலர் 4.15. இரண்டு மூன்று பேர் 4.14. இங்கே நிறுத்தி, ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டேன்: "எந்தச் சொல்லைக் கேட்டு இதை எழுதினாய்?" ஆங்கில வகுப்பில் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் வகுப்பே வாயடைத்துப் போகும். நமக்குத் தேவையான தகவல் கிடைக்காது.

4.15 என்று எழுதிய மாணவர் சொன்னார்: "அந்த பஸ் லெஃப்ட் சைடுல நிக்குது சார்." அவர் காதில் எல்லாமே சரியாக விழுந்திருக்கிறது. லெஃப்ட் என்றால் இடப்பக்கம் என்பது தெரியும். புறப்பட்டுப் போய்விட்டது என்ற பொருள் தெரியாது. இவருக்குத் தேவை சொல்லறிவு. இதே உரையாடலை இன்னும் பத்து முறை போட்டுக் காட்டினாலும் இவருக்குப் பயனில்லை.

4.14 என்று எழுதியவருக்கோ ஒலியே தடுமாற்றம். ஃபார்ட்டி என்பதும் ஃபோர்ட்டீன் என்பதும் அவருக்கு ஒன்றாகவே கேட்கின்றன. 4.40 என்று எழுதியவர்கள் மூன்றாவது வகை. ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குக் கேட்டது, புரிந்தது. 'அடுத்த பேருந்து' என்றதும் கிடைத்த எண்ணை எழுதிவிட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அத்தை உசிலம்பட்டியில் காத்திருக்கிறார், அந்த வண்டியோ அங்கு நிற்காது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரே வினாவில் மூன்று விதமான தவறுகள். மூன்றுக்கும் 'இன்னும் கவனமாகக் கேள்' என்று ஒரே மருந்தைக் கொடுத்தால் எப்படிக் குணமாகும்?

இவற்றில் நம் மாணவர்களை அதிகம் தொல்லைப்படுத்துவது ஒலிதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அச்சில் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. பேச்சில் அது இல்லை. பிக் இட் அப் என்ற மூன்று சொற்கள் பிக்கிட்டப் என்று ஒரே சொல்லாக வரும். டர்ன் ஆஃப் என்பது டர்னாஃப். புத்தகத்தில் பார்த்தால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த சொற்கள். காதில் விழும்போது கல்லூரி மாணவருக்கும் புதுச்சொல்.

இதை விளக்க நாம் வெளியே போக வேண்டியதில்லை. தமிழாசிரியர் நடத்தும் புணர்ச்சி இலக்கணமே போதும். பால் என்பதோடு ஆறு சேர்ந்தால் பாலாறு. மெய்யில் முடியும் சொல்லின் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. டர்னாஃப் என்பதிலும் அதேதான் நடக்கிறது. நம் பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று "மேகமின் சார்" என்கிறார்களே, அதில் நான்கு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பே வியந்து சிரிக்கும். அதன்பின் புணர்ச்சி எதற்குப் படிக்கிறோம் என்ற கேள்வி தமிழ் வகுப்பிலும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ஏறக்குறைய எல்லா அசைகளையும் நிறைவாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் சொற்களே அழுத்தம் பெறும். டு, ஆஃப், அட், ஹாஸ், கேன் போன்ற சிறு சொற்கள் தேய்ந்து போகும். ஹாஸ் ஜஸ்ட் லெஃப்ட் என்பது இயல்பான பேச்சில் ஹஸ்ஜஸ்லெஃப்ட் என்றுதான் வரும். ஐ கேன் கம் என்பதும் ஐ கான்ட் கம் என்பதும் மாணவரைக் குழப்புவதற்குக் காரணமும் இதுவே. அவர்கள் கடைசி 'ட்' ஒலியைத் தேடுகிறார்கள். விரைவான பேச்சில் அது பெரும்பாலும் கேட்காது. வர முடியும் என்றால் கேன் மெலிந்து 'கன்' ஆகி, கம் என்பது எடுப்பாக ஒலிக்கும். வர முடியாது என்றால் கான்ட் என்பதே எடுப்பாக ஒலிக்கும். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று கேட்கப் பழக்கினால் குழப்பம் வெகுவாகக் குறையும்.

இதற்கு மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு சிறு வாக்கியத்தை இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். அதில் எத்தனை சொற்கள் என்று மாணவர்கள் விரலால் காட்டட்டும். பிக்கிட்டப் என்றால் ஒரு விரலும் வரும், இரண்டும் வரும். பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். வாரம் ஐந்து வாக்கியங்கள் போதும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் பல மாணவர்களுக்கு உண்டு. கேட்டலுக்கு அது இடைஞ்சல். குண்டூசியும் குப்பைத்தொட்டியும் தமிழ் எழுத்தில் 'பின்'தான். குளிருக்குப் போடும் மேலாடையும் கோட். மேயும் ஆடும் கோட். நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்துக்கு அவை வேறு வேறு ஒலிகள். (இந்தக் கட்டுரையில் நானும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். மூல ஒலி உங்களுக்குத் தெரியும் என்ற துணிவு!) கரும்பலகையின் இடப்பக்கம் ஆடு, வலப்பக்கம் மேலாடை என்று வரைந்துவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். மாணவர்கள் கை காட்டட்டும். பிறகு ஒரு மாணவர் சொல்ல மற்றவர்கள் காட்டட்டும். யாருக்கு எந்த ஒலி பிரியவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி வகுப்பு நடத்தும் முறை. வினா முன்னால் வர வேண்டும் என்று சொன்னேன். வினா தெரியாமல் கேட்பவர் எல்லாவற்றையும் நினைவில் வைக்கப் பார்க்கிறார். அது நினைவாற்றல் சோதனையாகிவிடுகிறது. முதல் முறை கேட்கும்போது யார், எங்கே, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் போதும். இரண்டாம் முறை வினாவுக்கு விடை. உடனே சரி, தவறு சொல்லிவிடாமல் அருகில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள். "ஃபார்ட்டின்னுதான் சொன்னாங்க", "இல்ல, ஃபோர்ட்டீன்" என்று சண்டை வரும். அந்தச் சண்டைக்குப் பிறகு மூன்றாம் முறை கேட்கும்போது அவர்கள் காது கூர்மையாகிவிடுகிறது. கடைசியாக எழுத்து வடிவத்தைக் கொடுத்து, அதைப் பார்த்தபடியே கேட்கச் செய்து, தவறவிட்ட இடத்தை அடிக்கோடிடச் சொல்லுங்கள். இந்த அடிக்கோடுதான் எனக்கு மதிப்பெண்ணைவிட முக்கியம். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடியும்.

புரியட்டும் என்று சொல் சொல்லாக நிறுத்தி வாசிக்கும் இரக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அது உதவாது. சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் அதில் காணாமல் போகின்றன. வாக்கியத்தை இயல்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்கு முன் கூடுதலாக இரண்டு விநாடி நிறுத்துவது நல்லது.

உரையாடலில் இரண்டு பேர் குரலையும் ஒரே ஆசிரியர் வாசித்தால் யார் பேசுகிறார் என்பதே புரியாது. கணித ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேச, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழகிய குரல் என்பதால் மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஒலிபெருக்கியை மேசைமேல் வைக்காமல் வகுப்பின் நடுவில் வையுங்கள். மின்விசிறிச் சத்தத்தில் கடைசி இருக்கைக்குப் பாதிதான் போய்ச் சேரும். வெளி ஒலிப்பதிவு வேண்டுமானால் பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நம் மாணவருக்கு ஆறு நிமிடம் அதிகம். மேல்நிலை வகுப்பானாலும் நாற்பது விநாடி வெட்டி எடுத்தால் போதும்.

உரையாடலில் தேறியபின் பத்திக்குப் போகலாம். பாடநூல் உரைநடையை அப்படியே வாசிக்காதீர்கள். அது கண்ணுக்காக எழுதப்பட்டது, வாக்கியங்கள் நீளம். கேட்பதற்கான பத்தியைச் சிறு வாக்கியங்களாக உடைத்து எண்பது, நூறு சொற்களில் நாமே எழுதிக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புக்குப் பாம்பன் பாலத்தைப் பற்றி ஒன்று தயாரித்தேன். பழைய ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டு கைகள்போல இருபுறமும் மேலெழும்பி வழிவிடும். பணியாளர்கள் கையால் இயக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்கிறது. இதுதான் செய்தி.

இதற்கு எழுத்துவினா எதுவும் கொடுக்கவில்லை. பழைய பாலம் எப்படித் திறக்கும், புதிய பாலம் எப்படித் திறக்கும் என்று இரண்டு படம் வரையச் சொன்னேன். எழுத்துப் பிழைக்குப் பயந்து எப்போதும் வெற்றுத்தாள் தரும் மாணவர்கள் அன்று தாளை நிரப்பினார்கள். படத்தைப் பார்த்தாலே யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துவிடுகிறது. சிலர் 1914 என்பதை 1940 என்று எழுதியிருந்தார்கள். பேருந்து உரையாடலில் கண்ட அதே தடுமாற்றம். முடிவில் டீன் என்று நீண்டு 'ன்' ஒலிக்கிறதா, டி என்று குறுகி நிற்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்கே மீண்டும் ஒரு சுற்றுப் பழக்கினேன்.

இவ்வளவு எதற்கு, பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வுதானே என்று கேட்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. நம் பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே முதல் நாளே ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 85 மதிப்பெண் எடுத்த என் பழைய மாணவி ஒருத்தி, கல்லூரி சேர்ந்த பத்தாவது நாள் பேசினாள். "போர்டுல எழுதினா புரியுது சார். பேசினா ஒண்ணும் புரியல. எனக்கு இங்கிலீஷே தெரியாதோன்னு தோணுது" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஆங்கிலத்தைக் காதால் சந்திக்கும் வாய்ப்புதான் பன்னிரண்டு ஆண்டுகளில் போதவில்லை.

அவள் சொன்ன இன்னொன்று, புரியாதபோது கேட்க வெட்கமாக இருக்கிறது என்பது. கேட்டலில் இதையும் சேர்த்தே பழக்க வேண்டும். தேர்வில்தான் குறுக்கே கேட்க முடியாது, வாழ்க்கையில் கேட்கலாம். "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?", "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?" என்ற இரண்டு வரிகளை என் வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு யாராவது இப்படிக் கேட்டால்தான் மறுமுறை போடுவேன். மருந்துச்சீட்டிலோ கட்டணத்திலோ பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் அவர்களுக்கே தெரியும்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு வரி: கேட்டலுக்கான விடையில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை தமிழில் விடை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

அடிக்கோடிட்ட தாள்களைச் சேர்த்து வையுங்கள். நான்கைந்து வாரத் தாள்களை ஒன்றாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் எந்த இடம் வழுக்குகிறது என்பது தெரியும். அதில் ஒரு மாணவர் எல்லா வரிகளையுமே அடிக்கோடிட்டிருக்கக்கூடும். பக்கத்துத் தாளைப் பார்த்தும், நம் உதட்டைப் பார்த்துமே எழுதுகிறவராக இருக்கக்கூடும். அவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் முன்வரிசைக்கு மாற்றி, முதுகுப்புறம் நின்று தமிழில் மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் அந்தப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.