மின் வந்தும் எழாத சேவை

கணினி தொடங்குங்கால் தானே எழவேண்டிய வலைச்சேவையொன்று எழாது கிடப்பின், அதன் காரணத்தை எங்ஙனம் நாடுவது என்பதை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், பெருந்தொழிற்சாலைகட்கு எந்திரப் பாகங்கள் செய்துதரும் சிறு பட்டறையொன்றை யாம் அறிவோம். பாகங்களின் வரைபடங்கள் யாவும் அங்குள்ள டெபியன் லினக்ஸ் கணினியொன்றில் உள. என்ஜின்எக்ஸ் என்னும் சேவை அவற்றைப் பொறிகளின் அருகிலுள்ள திரைகட்கு அனுப்பும். இரவில் மின்சாரம் நின்று மீண்ட நாட்களிலெல்லாம் காலையில் அத்திரைகள் வெறுமையாயிருந்தன. தொழிலாளர் பழைய காகிதப் படத்தை நோக்கி வேலை செய்ய, அளவு பிழைத்த பாகங்கள் திரும்பிவந்தன. சேவையைக் கையால் தொடக்கினால் உடனே எழும். பகலில் கணினியை நிறுத்தி மீளத் தொடக்கினும் குறையொன்றும் தோன்றாது. ஆதலின் அங்குள்ளோர் கணினியையே ஐயுற்றுப் புதியதொன்று வாங்கவும் எண்ணினர்.

கையால் எழுவது தானே எழவில்லையெனின், முதற்கண் அதற்குத் தானெழும் ஆணை உண்டா என்று பார்த்தல் வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு' என வினவின் விடை கிடைக்கும். அவ்வாணை இருந்தது. அடுத்து, 'ஜர்னல்சிடிஎல்' என்னும் கட்டளையால், கணினி இம்முறை தொடங்கியது முதல் அச்சேவை விட்டுச்சென்ற குறிப்புக்களைப் படித்தல் வேண்டும். பலர் இதனைப் படியாமலே அமைப்புக்களை மாற்றத் தலைப்படுகின்றனர். அக்குறிப்பில் 99 என்னும் பிழையெண் காணப்பட்டது. 98 எனின், அம்முகவரியை வேறொரு நிரல் முன்னரே பற்றியுளது என்பது பொருள். 99 எனின், அம்முகவரியே கணினிக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பது பொருள்.

முகவரி வாய்க்காமைக்குக் காரணம் யாது? அதனை வழங்குவது ரௌட்டர். மின்சாரம் நின்றபொழுது அதுவும் அணைந்தது. மீண்டும் எழுதற்குக் கணினியினும் மிகுந்த நேரம் கொண்டது. என்ஜின்எக்ஸோ, அந்த ஒரு முகவரியிலேயே கேட்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அது வருமுன் எழுந்து, இடங்காணாது வீழ்ந்தது. பகற்சோதனையில் ரௌட்டர் விழித்தேயிருந்தமையின் குறை ஒளிந்துகொண்டது.

2010இல் தோன்றி, டெபியனில் 2015ஆம் ஆண்டின் 8ஆம் பதிப்பு முதல் இயல்பாயமைந்த சிஸ்டம்-டி என்பதே சேவைகளை முறையே எழுப்புவது. அதன் கோப்பில் 'ஆஃப்டர்' என்பது முன்பின் முறையை மட்டும் கூறும். வேண்டியதை அழைப்பது 'வாண்ட்ஸ்'. 'நெட்வொர்க் டார்கெட்'டின் பின் எழுக என எழுதினால், வலை வந்தபின் எழும் என்றே யாவரும் கொள்வர். அது காரணப்பெயர் போலத் தோன்றும் இடுகுறிப்பெயர்! வலையை நடத்தும் நிரல் தொடங்கியது என்பதன்றி, முகவரி கிடைத்தது என்பது அதன் பொருளன்று. 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்' என்பதை ஆஃப்டர், வாண்ட்ஸ் என்னும் இரு வரியிலும் எழுதுதலே முறை.

எனினும் அக்காத்திருப்புக்கும் ஓர் எல்லையுண்டு. ரௌட்டர் அதனையும் கடந்து உறங்கின் பயனில்லை. மீள முயலுமாறு 'ரீஸ்டார்ட்' வரி சேர்க்கலாம். ஆயின் 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காததைச் சிஸ்டம்-டி கைவிடும். ஆதலின் முயற்சிகளினிடையே 10 வினாடி இடைவெளியும் குறித்தல் வேண்டும்.

எமக்கு எளிதாய்த் தோன்றுவது, குறித்த முகவரியை நீக்கி, கணினிக்கு வரும் எம்முகவரியிலும் கேட்குமாறு அமைத்தலே. அப்பொழுது முகவரி பின்னர் வரினும் சேவை முன்னரே விழித்திருக்கும். வெளியுலகிற்குத் திறந்த கணினிக்கு இஃது ஆகாது. பட்டறையின் உள்வலைக்குப் போதும். எதனைச் செய்யினும், சோதிக்குங்கால் கணினி, ரௌட்டர் இரண்டின் மின்னையும் ஒருங்கே நிறுத்தி, ஒருங்கே விடுதல் வேண்டும். கணினியை மட்டும் மீளத் தொடக்கும் சோதனை இக்குறையைக் காட்டாது.