கைபேசியும் உடல் நலமும்

கைபேசி இல்லாத வீடு இன்று நம் கிராமங்களில் அரிது. சந்தையில் தக்காளி என்ன விலை, நாளை மழை உண்டா, வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்பவற்றை நாம் அதன் மூலமே அறிகிறோம். அதே கருவியை உடல் நலத்தைக் காக்கவும் பயன்படுத்தலாம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வியாதி வராது என்று நம் முன்னோர் கருதினர். அக்காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. இன்றோ ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. கவலை இறைத்த கிணற்றில் பம்பு செட் இறைக்கிறது. வயலுக்கு நடந்து சென்றவர் மோட்டார் சைக்கிளில் செல்கிறார். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. கவனியாது விட்டால் இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலில் பட்ட சிறு காயமும் ஆறாமற் போகும். குடும்பத் தலைவர் காலை இழந்தால் நிலத்தைப் பார்ப்பவர் யார்?

நோய் வருமுன் காக்கக் கைபேசி உதவுமா என்பதைத் தென்னிந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்தனர். இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றித் தொடக்கத்தில் அறிவுரை கூறப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதன்பின் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் பார்த்தபோது, செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கே வந்திருந்தது. அதாவது நூற்றுக்கு 27 என்பது 18 ஆகக் குறைந்தது. இம்முடிவு 2013-இல் வெளியாயிற்று. மாத்திரையும் ஊசியும் இன்றிக் கிடைத்த பயன் இது.

இதன் காரணம் எளிது. நல்லது எது என்பது நமக்குத் தெரியாததன்று. நாள்தோறும் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவே. டாக்டர் சொன்னது ஒரு வாரத்தில் மறந்துபோகும். உரிய வேளையில் வரும் சிறு செய்தி அதைப் புதுப்பிக்கிறது.

நடந்த அடிகளை எண்ணும் வசதியும் பல கைபேசிகளில் உள்ளது. அசைவை உணரும் சிறு உறுப்பு ஒன்று உள்ளே இருந்து இதனைக் கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு 10,000 அடி என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அது மருத்துவ விதியன்று. நேற்றைவிட இன்று சற்று அதிகம் நடப்பதே முதற்படி. வாரத்திற்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பான நடை வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் போதும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் வேண்டும்.

எனினும் கைபேசி டாக்டராகாது. திரையில் விரலை வைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தெரியும் என்று கூறும் செயலிகளை நம்பலாகாது. ஊர் பேர் தெரியாதவர் பரப்பும் வைத்தியச் செய்திகளைக் கேட்டு மாத்திரையை நிறுத்தலாகாது. உடல் நலச் செயலி எதுவும் வங்கி விவரம் கேட்டால் கொடுக்கக் கூடாது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவதாக, 30 வயது கடந்தோர் அனைவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கிராம சபையில் வலியுறுத்தலாம். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டிற்கே வருகிறார்கள். அவர்களுக்கு ஒத்துழைப்புத் தரலாம். இரண்டாவதாக, கிராம சுகாதார செவிலியரின் ஆலோசனை பெற்று, வார்டுதோறும் வாரம் இரண்டு செய்திகள் அனுப்பலாம். எழுத்தறியாதவர்க்குக் குரல் பதிவு ஏற்றது. மூன்றாவதாக, பல வீடுகளில் கைபேசி ஆண்களிடமே உள்ளது. உணவு சமைக்கும் பெண்களுக்குச் செய்தி எட்டாவிடில் பயன் பாதியே. மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் அவற்றைப் படித்துக் காட்டுதல் வேண்டும். நான்காவதாக, புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணையும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

செய்தி அனுப்பும் செலவு சொற்பம். நோய் முற்றியபின் ஆகும் செலவோ பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியிருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனைப் பேசி முடிவெடுக்க உறுப்பினர்கள் முன்வருவார்களாக.