செல்லப் பிராணியின் சாவும் பிள்ளையின் துக்கமும்

வீட்டில் வளர்த்த நாயோ ஆட்டுக்குட்டியோ இறக்கும்போதுதான் பல பிள்ளைகள் சாவை முதன்முதலில் நேரில் காண்கிறார்கள். வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற விவசாயக் கிராமங்களில் அந்த நாள் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டிய கடுங்குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. பெரியவர்களுக்கு அது வாழ்வாதார இழப்பு. போத்தலில் பால் பருக்கிய கன்றை விடியற்காலையில் விறைத்த உடலாகக் காணும் பிள்ளைக்கோ அது கூட்டாளியின் சாவு.

சாவைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும் விதம் வயதோடு மாறுகிறது. ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 378 பிள்ளைகளை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சாவைப் பயணமாகவோ நித்திரையாகவோ கருதுவதாக அவர் கண்டார். நாயைப் புதைத்த மறுநாளும் அதன் கோப்பையில் சோறு வைக்கும் நான்கு வயதுப் பிள்ளை, அது வரும் என்று உண்மையாகவே நம்புகிறது. இறந்தது திரும்பாது, அதன் உடல் இனி இயங்காது, உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும் என்ற மூன்றும் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன.

ஆகவே சொல்லும் சொல்லில் கவனம் வேண்டும். “நித்திரையாப் போச்சு” என்றால் பிள்ளை தானே நித்திரைக்குப் பயப்படக்கூடும். “எங்கேயோ ஓடிட்டுது” என்றால் படலையடியில் காத்து நிற்கும். “எங்கட நாய் வீமன் செத்துப்போச்சு. இனி அதுக்கு நோகாது, பசிக்காது. திரும்பி வராது” என்று நேரே சொல்வதே நல்லது. படலையைத் தான் திறந்து விட்டதால்தான் நாய் வாகனத்தில் அடிபட்டது என்று பிள்ளை உள்ளுக்குள் நினைத்திருக்கலாம். அதைக் கேட்டறிந்து, அந்தப் பாரத்தை இறக்கிவிட வேண்டும்.

மனிதர் இறந்தால் எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விலங்குக்கு அது இல்லை. இப்படிச் சமூகம் இடம் கொடுக்காத துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் தனி வகையாக விளக்கினார். வன்னியில் இப்படி இடம் கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009இல் போரின் இறுதியில் உறவுகளைப் பறிகொடுத்து, கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடி, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் வாழ்ந்து மீண்டவர்கள் இன்று பெற்றோராகவும் பேரன் பேத்தி கண்டவர்களாகவும் இருக்கிறார்கள். “மனிசரே எத்தினை பேர் போயிட்டினம், நாய்க்கோ அழுகிறாய்?” என்ற கேள்வி அந்த வலியிலிருந்தே பிறக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை, அழுகையை ஒளிக்கவே பழகுகிறது. வளவில் ஒரு மூலையில் குழி வெட்டி, பிள்ளை கையால் பூப்போட்டு, மேலே ஒரு செடி நடுவதற்குப் பெரிய செலவில்லை. விசர்நோய் சந்தேகம் இருந்தால் மட்டும் பிள்ளை உடலைத் தொடக்கூடாது. கடியோ கீறலோ பட்டிருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் பகுதியில் 6,260 பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, செல்லப் பிராணியின் சாவுக்கும் பிற்கால உளக் கஷ்டங்களுக்கும் தொடர்பைக் கண்டது. ஆண் பிள்ளைகளில் அது கூடுதலாகத் தெரிந்தது. “ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது” என்பதைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

அழுகை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, புதைப்பதை விளையாட்டாக நடித்துப் பார்ப்பது எல்லாம் இயல்பானவை. புதுக் குட்டியை மறுநாளே கொண்டுவராமல், பிள்ளை தானாகக் கேட்கும்வரை பொறுப்பது நல்லது. பல வாரங்களாகச் சாப்பாடு, நித்திரை, படிப்பு குழம்பியிருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.